லீவில் ஊருக்குப் போய் குதிகால் வலிக்கு வைத்தியம்: எதை முதல் வாரமே பார்க்க வேண்டும்?

நாள்பட்ட குதிகால் வலியோடு ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணம், சொந்தக்காரர் வீடு என்று சுற்றி முடித்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் டாக்டரிடம் போகிறார்கள். அங்கேயே பாதி வாய்ப்பு போய்விடுகிறது. ஸ்டீராய்டு ஊசியைத் தவிர, இந்த வலிக்கான பெரும்பாலான சிகிச்சைகள் ஒரு வாரத்தில் பெரிதாகப் பலன் காட்டாது. அந்த ஊசியோ, கடைசி வாரத்தில் போட்டுக்கொள்ளவே கூடாதது.

எலும்பு மருத்துவரிடம் போனால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். குதிகால் எலும்பில் முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும். அதை வெட்டி எடுப்பது வைத்தியமும் ஆகாது. படத்தைவிட விரல் முக்கியம். கால் விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலின் உள்பக்க முன் ஓரத்தில் கட்டை விரலால் அழுத்தினால் 'சுருக்'கென்று வலிக்கிறதா? காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள்தான் மிக மோசமா? இரண்டும் ஆமென்றால் அநேகமாக பிளாண்டார் ஃபேசியைட்டிஸ், அதாவது பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் பட்டையில் வந்த கோளாறு. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அந்தப் பட்டையின் தடிமனைப் பார்க்கலாம். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் இதுதான் என்பதற்கு வலு கூடும்.

எரிச்சலும் மரமரப்பும் சேர்ந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அமுக்கினால் உயிர் போகிறதென்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் இறுகிப்போனால், மூட்டுவாத மருத்துவரிடம் போவதே சரி.

பிசியோதெரபி மையங்களில் கவனமாக இருங்கள். ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தேய்த்து அனுப்பிவிட்டால், போன நேரம்தான் மிச்சம். அதற்குப் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. "மெஷின் வேண்டாம், பயிற்சியைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள், நான் செய்வதைப் பார்த்துத் திருத்துங்கள்" என்று கேளுங்கள். கேட்டுப் பெற வேண்டியவை இரண்டு.

முதலாவது, பட்டையை நீட்டுவது. உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற முழங்காலின் மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் அதே காலின் முழங்கால் பக்கமாக இழுக்க வேண்டும். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தொட்டால் பட்டை கயிறு போல விறைத்திருப்பது தெரியும். தெரியாவிட்டால் இழுத்தது போதவில்லை. 10 விநாடி, 10 தடவை, நாளுக்கு 3 வேளை. முதல் வேளை படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே.

இரண்டாவது, வலுவூட்டுவது. படி விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை 3 விநாடியில் உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்க வேண்டும். 12 தடவை, 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். துண்டை விட்டுவிட்டால் அது வெறும் கெண்டைக்கால் பயிற்சி; விரல்கள் மேல்நோக்கி வளைந்து நின்றால்தான் பட்டைக்குப் பளு ஏறும். எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் எடை ஏற்றிக்கொள்ளலாம். அவசரப்பட்டு எண்ணிக்கையைக் கூட்டினால் வலி திரும்பும்.

மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் குறையாதவர்கள்தான் ஷாக்வேவ் (கருவியால் வெளியிலிருந்து குதிகாலுக்குள் அதிர்வலை செலுத்தும் சிகிச்சை) பக்கம் போக வேண்டும். பொதுவாக வாரத்துக்கு ஒன்றாக 3 அமர்வு, ஒவ்வொன்றிலும் சுமார் 2000 அதிர்வு. அதனால் ஊர் போய் இறங்கிய வாரத்திலேயே தொடங்கினால்தான் முடிக்க முடியும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்: வலிக்கும் இடத்தை நீங்கள் சொல்லச் சொல்லத்தான் கருவியைச் சரியாக நிறுத்த முடியும், மரத்துப்போனால் பலனும் குறைகிறது. முழுப் பலன் தெரிய 3 மாதம்கூட ஆகலாம். கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வழக்கமாகச் செய்யப்படுவதில்லை.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாகவே கேட்கும். வம்பு அதில்தான். வலி தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தில் ஓடும்போது, பட்டை கிழிந்தாலும் கிழியலாம். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துவிடலாம், அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்கேனில் பார்த்துப் போடச் சொல்லுங்கள், அதுவும் பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்பு.

செருப்பு விஷயம் சின்னதாகத் தெரியும். வருடமெல்லாம் மெத்தென்ற ஷூவில் நடந்த கால், ஊருக்கு வந்ததும் தட்டைச் செருப்புக்கும் வெறுந்தரைக்கும் மாறும்போதுதான் பலருக்கு வலி கூடுகிறது. வீட்டுக்குள்ளும் குதி சற்று உயர்ந்த, வளைவைத் தாங்கும் செருப்பு போடுங்கள். அளவெடுத்துச் செய்யும் இன்சோலுக்கு (ஷூவுக்குள் வைக்கும் உள்தகடு) செலவழிக்கத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் ஆயத்த இன்சோலும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது.

கிளம்பும்முன் ஸ்கேன் அறிக்கையோடு, ஷாக்வேவ் எந்த அளவில், எத்தனை அமர்வு, ஊசியில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் போன இடத்தில் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.