நாலு வருஷ இன்வெர்ட்டரும் அது பின்னாடி இருக்கற ஒரு சுவிட்சும்

ஆஃபீஸ்ல ஒரு ஜூனியர் பொண்ணு கேட்டா, "அக்கா, பேட்டரிக்கு ஜிஎஸ்டி குறைச்சிட்டாங்களாமே, உங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குல்ல, எப்படி இருக்கு, வாங்கலாமா?"ன்னு. வாட்ஸ்அப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு, சரி எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

900 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) ட்யூபுலர் பேட்டரி, பாதி வீட்டுல இருக்கற அதே செட்தான், அதனால ஸ்பெக்ஸ் சொல்லி அறுக்கல. 2021-ல வாங்கினது, வீடு சென்னை மேடவாக்கம் பக்கம், பேட்டரி இப்பதான் மாத்தினேன். பிராண்ட் பேர் கேக்காதீங்க, இந்த ரேஞ்சுல நான் பார்த்த நிறைய மாடல்ல இதே கதைதான்.

முதல்ல நியாயமா நல்லதைச் சொல்லிடறேன். மாசாந்திர ஷட்டவுன்னு காலைல 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு கரண்ட் வர்ற நாள்ல ஒரு தடவை கூட என்னைக் கைவிட்டதில்ல. கணக்கு சிம்பிள், 12 வோல்ட், 150 ஏஹெச், பேப்பர்ல 1800 வாட்-ஹவர், போற வழியில வீணாகறது போக ஒரு 1200 கைக்கு வரும்னு வச்சுக்கோங்க. சாதா ஃபேன் ஒண்ணு 75 வாட் இழுக்கும், பிஎல்டிசின்னு கம்மி கரண்ட் இழுக்கற ஃபேன் 30 வாட்ல முடிச்சிரும். ரெண்டு ஃபேனையும் பிஎல்டிசியா மாத்தினதும் லேப்டாப், லைட், ரவுட்டர் எல்லாம் சேர்த்து 150 வாட் தாண்டறதில்ல, அதாவது அஞ்சு மணி நேரம் ஓடினது எட்டு மணி நேரம் ஓடுது. பெரிய பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி ஃபேனை மாத்துங்கன்னு ஒரு கடைக்காரரும் சொல்ல மாட்டாரு.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன். இன்வெர்ட்டர் பின்னாடி நகத்தளவு சுவிட்ச் ஒண்ணு இருக்கும், ஒரு பக்கம் தள்ளினா யூபிஎஸ் மோட், இன்னொரு பக்கம் ஈகோ மோட். நான் வாரநாள்ல வேலை, சனி ஞாயிறு ஆன்லைன்ல எம்பிஏ. கரண்ட் போனா லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்குள்ளயே பேட்டரி இருக்கு. பிரச்சினை ரவுட்டர். ஈகோ மோட்ல இருந்தா பேட்டரிக்கு மாறற அந்தக் கண் சிமிட்டற நேரத்துல ஃபைபர் பாக்ஸ் செத்துப் பொழைக்கும். ஃபேன் சுத்திக்கிட்டேதான் இருக்கும், லைட் கூட துடிக்காது, ஆனா ரவுட்டர் மட்டும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், பச்சை லைட் மின்னி மின்னி நிக்கறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம், அப்புறம் ஆஃபீஸ் விபிஎன் திரும்ப லாகின், அதுக்கு ஓடிபி, அதுக்குள்ள மீட்டிங்ல யாரோ "மியூட்ல இருக்கீங்களா"ன்னு கேட்டு முடிச்சிருப்பாங்க. காலேஜ்லயோ அட்டெண்டன்ஸ் லாகின் டைமை வச்சுதான். அதைக்கூட விட்டுரலாம், க்விஸ் நடுவுல நெட் போனா வர்ற படபடப்பு இருக்கே.

சரி யூபிஎஸ் மோட்ல போட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. போட்டா பத்து மில்லிசெகண்ட் பக்கத்துல மாறிரும், ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது, சூப்பர். ஆனா அந்த மோட்ல வோல்டேஜ் 180-க்குக் கீழ போனாலே இது கரண்ட் போயிருச்சுன்னு முடிவு பண்ணி பேட்டரிக்குத் தாவிரும். மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு தெருவுல எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது எங்க லைன்ல 180 எல்லாம் ரொம்ப சாதாரணம். டக். பேட்டரி. ரெண்டு நிமிஷம் கழிச்சு டக். மெயின்ஸ். திரும்ப டக். விடிய விடிய இந்த ரிலே சத்தம், பக்கத்து ரூம்ல படுத்திருக்கற அம்மா "அந்தச் சனியனை அமத்துடி"ன்னு கத்துவாங்க, காலைல பார்த்தா பேட்டரி பாதி காலி, நிஜமாவே கரண்ட் போறப்ப அது ரெண்டு மணி நேரத்துல கூவ ஆரம்பிக்கும். ஈகோ மோட்ல இந்தத் தொல்லை இல்ல, 110 வோல்ட் வரைக்கும் பொறுத்துக்கும். ஆக பகல்ல யூபிஎஸ், ராத்திரி ஈகோ, இதான் ஒரே வழி, அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னா சுவரைப் பார்த்து நிக்கற பின்பக்கம். அறுபது கிலோ பேட்டரி ட்ராலியை இழுத்து, போன் டார்ச் அடிச்சு, பேனா நுனியால தள்ளணும். எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட சொன்னா "ரெண்டும் ஒண்ணுதாம்மா, ஏதாச்சும் ஒண்ணுல விட்டுருங்க"ங்கறாரு. எம்பிஏல கஸ்டமர் ஜர்னி, யூசர் ரிசர்ச்னு ஒரு செமஸ்டர் பூரா பாடம் எடுக்கறாங்க, ஒரு நாள் இந்த சுவிட்சை முன்பக்கம் வைக்க ஒரு ஆளுக்கும் தோணல பாருங்க.

கடைசில இதுக்கு மருந்து என்ன தெரியுமா, 1500 ரூபாய்க்குக் கிடைக்கற மினி யூபிஎஸ். 12 வோல்ட் 2 ஆம்ப், உள்ள லித்தியம் செல், ரவுட்டர் அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல சொருகிட்டா போதும். ரவுட்டரும் ஃபைபர் பாக்ஸும் தனித்தனியா இருக்கற வீடுன்னா ரெண்டு அவுட்புட் பின் உள்ளது பார்த்து வாங்கணும், அவ்ளோதான். அன்னிக்கிலேர்ந்து இன்வெர்ட்டர் நிரந்தரமா ஈகோவுல, ராத்திரி டக் டக் இல்ல, கிளாஸும் அறுபடல. சந்தோஷம்தான், ஆனா 24 ஆயிரம் குடுத்து வாங்கின சாமானோட ஓட்டையை அடைக்க இன்னொரு சாமான் வாங்க வச்சாங்களேன்னு நினைக்கும்போது கோவம் திரும்ப வருது.

அந்தப் பொண்ணு பணக் கணக்கும் கேட்டா, அவகிட்ட சொல்ற மாதிரியே சொல்லிடறேன். வாரண்டி 36+24-ன்னு அட்டையில போட்டிருப்பாங்க, அஞ்சு வருஷம்னு நினைச்சுக்காதே. முதல் 36 மாசம்தான் இலவசமா மாத்துவாங்க, அடுத்த 24 மாசம் ப்ரோ-ரேட்டா, அதாவது எம்ஆர்பில இருந்து கொஞ்சம் பெர்சன்ட் தள்ளுபடி. இதுல இருக்கற கூத்தைக் கேளு. எம்ஆர்பி 22 ஆயிரம்னு வச்சுக்கோ, அதுல 30 பெர்சன்ட் கழிச்சா 15,400. அதே பேட்டரி கடையில சும்மாவே 14,500-க்குக் கிடைக்கும்! அதுவும் வாரண்டில போனா பழசைக் குடுத்துரணும், எக்ஸ்சேஞ்ச்ல பழைய பேட்டரிக்கு ஈய விலைன்னு கிடைக்கற காசும் போச்சு. என் பேட்டரி நாலாவது வருஷம் படுத்துச்சு, வாரண்டி கார்டை பீரோவிலேயே வச்சிட்டு எக்ஸ்சேஞ்ச்லதான் மாத்தினேன்.

ஜிஎஸ்டி விஷயம், 2025 செப்டம்பர் 22-லேர்ந்து பேட்டரிக்கு 28 பெர்சன்ட் 18 ஆச்சு, ஆனா விலை பத்து பெர்சன்ட் குறையாது, 128 ரூபா பொருள் 118 ஆகுது, அதாவது 8 பெர்சன்ட் பக்கம். இன்வெர்ட்டருக்கு முன்னாடியே 18 தான், அதுல ஒரு மாத்தமும் இல்ல. நோ காஸ்ட் இஎம்ஐன்னு வருவாங்க, வட்டியைத் தள்ளுபடியா கழிச்சிட்டாலும் அந்த வட்டி மேல 18 பெர்சன்ட் ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீ, அது மேல ஜிஎஸ்டி எல்லாம் கார்டுல வரும். தெருக்கடையில ரொக்கமா குடுத்துப் பேரம் பேசறது மேல். பேட்டரி எப்படியும் நாலு வருஷத்துல போகும், மாசம் 300 ரூபா ஆர்டில போட்டு வை.

இன்னொண்ணு, இதைப் புயலுக்குன்னு நம்பி வாங்காத. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கமெல்லாம் நாள் கணக்கா கரண்ட் இல்ல, எங்களுக்கு முதல் ராத்திரியோட பேட்டரி காலி, டவரும் இல்ல, ஃபைபரும் இல்ல. நீளமான கட்டுன்னு தெரிஞ்சா ராத்திரி இன்வெர்ட்டரையே முன் சுவிட்ச்ல அணைச்சிரணும், ஒரு லோடும் இல்லாம சும்மா ஆன்ல இருந்தாலே அதுவா பேட்டரியைத் தின்னும். போன் சார்ஜுக்கு பவர் பேங்க், வெளிச்சத்துக்கு ரீசார்ஜ் டார்ச், ஏடிஎம் ஓடாதுங்கறதால கொஞ்சம் ரொக்கம், ரெண்டு கேன் தண்ணி, இதெல்லாம் வேற லிஸ்ட். கீழ்வீடா இருந்தா பேட்டரியைத் தரையில வைக்கவே வைக்காத.

பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மூணு மாசத்துக்கு ஒரு தரம் அது மேல இருக்கற மிதவையைப் பார்த்து ஊத்தணும், அது ஒரு பெரிய விஷயமே இல்ல, அம்மாவே ஊத்திருவாங்க.

ஸ்டார் குடுக்கச் சொன்னா அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் இன்னிக்கு மூட் நல்லா இருக்கறதால. வாங்கலாமான்னு கேட்டா, வாங்குடி, ஏப்ரல் வந்துட்டா கடைக்காரன் ஸ்டாக் இல்லைம்பான், நானே புது பேட்டரி அதே கம்பெனிதான் போட்டிருக்கேன். மினி யூபிஎஸ்ஸையும் சேர்த்தே ஆர்டர் போட்டுரு, ட்ராலி வாங்கும்போது சக்கரம் நல்லா உருளுதான்னு கடையிலேயே இழுத்துப் பார்த்து வாங்கு.