சர்க்கரையோடு கொழுப்பும் இருந்தால் எந்த நார்ச்சத்துப் பொடி?

சர்க்கரை நோயோடு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பும் ஏறியிருப்பவர்கள் நார்ச்சத்துப் பொடி வாங்கும்போது, டப்பாவில் எத்தனை கிராம் நார் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: அது தண்ணீரில் கெட்டிப்படுமா?

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் இசப்கோல் உமியைக் கலக்கி வையுங்கள். சில நிமிடங்களில் கொழகொழவென்று கூழாகிவிடும். இன்னொரு டம்ளரில் இனுலின் (சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் நார்) பொடியைப் போட்டால் கரைந்து போகும். தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். இரண்டுமே கரையும் நார்தான். ஆனால் கொழுப்பைக் குறைப்பது அந்தக் கொழகொழப்பு. குடலில் இருக்கும் பித்த அமிலங்களைச் சிக்கவைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்டக் கொழுப்பிலிருந்து புதிய பித்த அமிலம் தயாரிக்க வேண்டிய கல்லீரல், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்டதும் சர்க்கரை சட்டென்று ஏறுவதையும் அதே கூழ்தான் தாமதப்படுத்துகிறது.

அதனால் இனுலின், அதேபோல் கெட்டிப்படாத கோதுமை டெக்ஸ்ட்ரின் (கோதுமை மாவுச்சத்திலிருந்து செய்யும் நார்) இரண்டையும் இந்தக் காரியத்துக்கு நான் எடுக்க மாட்டேன். குடல் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி, சரி. எல்டிஎல் குறையும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

மிச்சமிருப்பவற்றில் என் முதல் தேர்வு இசப்கோல். தினமும் சுமார் 10 கிராம் உமி, அதாவது 7 கிராம் கரையும் நார் போனால், எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் வரை இறங்கலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைக்கு இது மாற்று அல்ல, துணை. ஆனால் நல்ல துணை: ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பதே ஏறக்குறைய 6 சதவீதம்தான். ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு பெரிதாக அசையாது. காப்ஸ்யூல் வசதிதான், ஆனால் ஒன்றில் அரை கிராம் அளவே இருக்கும்; 10 கிராமுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ருசி சேர்த்த பொடிகள் சிலவற்றில் சர்க்கரையும் கலந்திருக்கும், லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

ஓட்ஸில் உள்ள கரையும் நாரான பீட்டா குளுக்கன் இரண்டாவது. 3 கிராமே போதும், பலனும் கிட்டத்தட்ட அதே அளவு. சாப்பாட்டோடு உள்ளே போவது இதன் பெரிய வசதி. ஆனால் ஓட்ஸாகச் சாப்பிட்டால் அதன் மாவுச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கொன்யாக் கிழங்கிலிருந்து எடுக்கும் நாரான குளுக்கோமன்னன் இருப்பதிலேயே அதிகம் கெட்டிப்படுவது. அதுவே அதன் ஆபத்தும். மாத்திரையாகப் போட்டுத் தண்ணீர் குறைவாகக் குடித்தால் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர்கள் பக்கமே போக வேண்டாம்.

எதை எடுத்தாலும் குறைந்த அளவில் தொடங்கி ஓரிரு வாரத்தில் கூட்டுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினால் ஏற்கெனவே வயிறு கலங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுவது நல்லது, தைராய்டு மாத்திரைக்கு எவ்வளவு இடைவெளி என்று மருத்துவரிடமே கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை தாழ்கிறதா என்று கவனிக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையால் இரைப்பை மெதுவாகக் காலியாகும் பிரச்சினை உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது.