மாத்திரை பிதுக்குற கருவி, வாங்கலாமா?

அம்மாவுக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், காலைல விரலெல்லாம் விறைச்சுப் போய் மடக்கவே முடியாது, அந்த நேரத்துல ஸ்ட்ரிப்ப பிதுக்க வராம பல்லால கடிச்சு கிழிக்கிறாங்கன்னுதான் ஆன்லைன்ல இத வாங்கினேன். சின்ன பிளாஸ்டிக் ஐட்டம்தான், ஸ்ட்ரிப்ப உள்ள சொருகி உள்ளங்கையால அமுக்கினா கீழ இருக்கற கிண்ணத்துல மாத்திரை விழுந்துடும், விரல் நுனிக்கு வேலையே இல்ல, அதுக்கே காசு குடுக்கலாம்.

முன்னாடி பிளாஸ்டிக் பின்னாடி மெல்லிசு ஃபாயில், அந்த மாதிரி அட்டைக்கு சூப்பர். ரெண்டு பக்கமும் ஃபாயில ஒட்டியிருப்பாங்களே, அதுக்கு ஆகவே ஆகாது, கத்தரிக்கோல்தான். குட்டி மாத்திரைன்னா துள்ளி வெளிய ஓடுது, சாஃப்டான மாத்திரை சிலது உடையவும் செய்யுது.

இன்னொன்னு, ஈஸியா இருக்கேன்னு ஒரு வாரத்துக்கு மொத்தமா பிதுக்கி டப்பால போட்டு வைக்காதீங்க, ஈரம் பட்டா கெட்டுப்போற மாத்திரைங்க இருக்கு, மெடிக்கல் ஷாப்ல கேட்டுட்டு செய்ங்க.

அமெரிக்காவுல குழந்தைங்க திறக்க முடியாத பேக்கிங்குக்கு 1970லயே சட்டம், ஆனா அதையே 50லேருந்து 70 வயசுக்காரங்க கைல குடுத்து திறக்க வருதான்னும் டெஸ்ட் பண்றாங்க. நம்ம ஊர் ஸ்ட்ரிப்ப பாத்தா எந்த வயசான கையிலயும் குடுத்து பாத்த மாதிரியே தெரியல, அதான் இதெல்லாம் தனியா காசு போட்டு வாங்க வேண்டியிருக்கு.

5க்கு 3.5 தரலாம். கிண்ணம் கழட்டி கழுவற மாதிரி இருக்கற மாடலா பாத்து வாங்குங்க.