மூணாறு உயரத்தில் ஒரு பழைய ப்ரொஜெக்டர்: மாற்றலாமா, வேண்டாமா?

2025 செப்டம்பர் 22 முதல் ப்ரொஜெக்டருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அன்றிலிருந்து மறையூர் நண்பர் விடாமல் கேட்கிறார்: "அண்ணே, நீங்க புதுசு வாங்குங்க, பழச நான் எடுத்துக்கிறேன்." போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1080பி தெளிவு, லாம்ப் போட்ட டிஎல்பி மெஷின், அதாவது நுண்ணிய கண்ணாடிகளால் ஒளியைத் தெறிக்கவிட்டுப் படம் காட்டுகிற வகை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வெள்ளையடித்த சுவரிலேயே போட்டுப் பார்க்கிறோம், திரைகூட வாங்கவில்லை. நடிகர்களின் கண்ணசைவுவரை தெரிகிறது. லாம்ப் போனால் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், நாமே மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு மெனுவில் லாம்ப் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்க மறக்கக் கூடாது. மறந்தால் புது லாம்பையும் தீர்ந்துபோனது என்றே நினைத்து எச்சரித்துக்கொண்டிருக்கும்.

தொல்லை வேறு இடத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். டெம்ப் விளக்கு சிவப்பாக எரியும், லாம்ப் விளக்கு எரியாது. அதாவது லாம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே சூடு ஏறிவிட்டது என்று மெஷினே சொல்கிறது. அணைந்தால் உடனே திரும்பப் போடவும் முடியாது. இந்த வகை லாம்பில் எரியும்போது உள்ளே வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் இருக்கும். அது ஆறி இறங்கினால்தான் மறுபடி பற்றும்.

2022 டிசம்பர் 18, கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டி. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, அதில் படம் போட்டிருந்தோம். குளிரில் எல்லாரும் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னால். இரண்டாம் பாதி பாதிக்கு மேல் போனபோது அணைந்தது. பக்கத்து வீட்டு டிவியிலிருந்து கூச்சல் கேட்கிறது, நாங்கள் வெறும் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். திரும்ப வந்தபோது 2-2. பிரான்ஸின் எம்பாப்பே 80, 81ஆம் நிமிடங்களில் அடித்த இரண்டு கோலையும் அங்கிருந்த பிள்ளைகள் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேனியில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். சாயங்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்றார்கள். மலையேறி வீட்டுக்கு வந்ததும் பழையபடி அணைந்தது. மறுபடி கொண்டுபோனால் "மெயின் போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். எரிகிற டெம்ப் விளக்கைப் பற்றி நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். போர்டு மேல் பழி போட்டு ஒருவரைப் பல ஆயிரம் செலவழிக்கச் சொல்வது தப்பு.

விஷயத்தைப் பிடித்தது எங்கள் ஊர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி. "கீழ ஓடுது, மேல ஓடலன்னா மெஷினைப் பாக்காதீங்கண்ணே, இடத்தைப் பாருங்க" என்றான். மூணாறு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். இங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தை விட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டை அள்ளிப் போகக் காற்று போதாது. ஊரே நடுங்குகிற குளிரில் மெஷின் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பார்கள். குளிர் கொஞ்சம் உதவும், ஆனால் உள்ளே இருக்கிற லாம்பின் சூட்டுக்கு முன்னால் அது பெரிய விஷயமில்லை. ஃபேனைத் திறந்து பார்த்தால் விறகடுப்புப் புகை படிந்து, அதில் தூசி ஒட்டி, இறக்கைகளே தடித்துப் போயிருந்தன. ஒட்டிய பிசுக்கு ப்ளோயரில் போகவில்லை, துடைத்துத்தான் எடுத்தோம். அப்புறம் மெனுவில் ஹை ஆல்டிட்யூட் மோடு, அதாவது உயரமான இடத்துக்காக ஃபேனை வேகமாகச் சுற்றவிடுகிற அமைப்பு. 1,500 மீட்டருக்கு மேல் இதைப் போடச் சொல்லி மேன்யுவலிலேயே இருக்கிறது. போட்டோம். அன்றிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை.

ஆனால் அந்தச் சத்தம்! ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, அடுத்த அறையில் மிக்ஸி ஓடுவது மாதிரி. லாம்ப் வெளிச்சத்தைக் குறைக்கிற எகோ மோடுக்கு மாற்றினாலும் சத்தம் குறையவில்லை. தூரத்தில் வைக்கலாம் என்றால் எங்கள் அறையின் நீளமே அவ்வளவுதான், பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் வைக்க முடியும். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னப்பா சொல்றான், என்ன சொல்றான்" என்று கேட்டுக் கேட்டு, இப்போது பாதிப் படத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். இந்த மெஷினில் கெட்டது ஒன்றுமில்லை, இருந்தும் மாற்றப் போகிறேன். லாம்புக்குப் பதில் லேசர் ஒளியில் ஓடுகிற மாடலாகப் பார்க்கிறேன். ஆயுள் 20,000 மணி நேரம் என்று போடுகிறார்கள். அதன் பிறகு ஒளி மங்கினால் லாம்ப் மாதிரி நாமே கழற்றி மாற்ற முடியாது என்பது எனக்குப் பிடிக்கவில்லை, அம்மாவுக்காகச் சம்மதிக்கிறேன். லேசருக்கும் சூடு உண்டு, ஃபேன் உண்டு, மலையில் அதே மோடு போட்டாக வேண்டும். அட்டையில் இருக்கிற டெசிபல் (சத்த அளவு) கணக்கு இந்த மோடுக்கு இல்லை. அதனால் கடையில் ஹை ஆல்டிட்யூட் மோடைப் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்பேன். "4கே சப்போர்ட்" என்று ஒட்டி வருகிற மலிவு எல்இடி பெட்டிகள் பக்கமே போகாதீர்கள். அவற்றில் பலவற்றின் நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது மெஷின் உண்மையில் காட்டுகிற தெளிவு, வெறும் 720பிதான்.

மறையூர் நண்பருக்கு: உங்கள் ஊர் எங்களை விட நன்றாகத் தாழ்வு, அந்த மோடு தேவைப்படாது, மெஷின் அமைதியாகவே ஓடும். ஆனாலும் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறேன். முற்றத்தில் ஐம்பது பேர் பந்தாட்டம் பார்க்கும்போது ஃபேன் சத்தம் யார் காதிலும் விழாது.