அப்பாவுக்குப் 18 வயசு குறைத்த லேப்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப் ஒன்று; பேர் வேண்டாம். அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. அதுக்கு மாத்திரை: சோஃபாஸ்புவிர் 400 மி.கி., டக்ளாடாஸ்விர் 60 மி.கி., தினம் ஒரு வேளை, 12 வாரம். சோஃபாஸ்புவிர் உடம்பில் உடைந்த பிறகு பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

வந்த பொண்ணு கெட்டிக்காரி. அப்பாவின் நரம்பு ஊசியைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும். "கையை மூடித் திறங்க தாத்தா, காலையில என்ன டிபன்?" என்று பேச்சுக் கொடுத்தபடியே ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். அதுக்கு முழு மார்க்.

ரிப்போர்ட்தான் சொதப்பல். கிரியேட்டினின் 1.3, அதை வைத்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்; குறைந்தால் நல்லதில்லை) 69. பரவாயில்லையே என்று மடிக்கப் போனவன் மேலே பார்த்தேன்: வயசு 46. அப்பாவுக்கு 64! அந்தக் கணக்கில் வயசும் சேரும். போன் போட்டால், "பெருசா ஒண்ணும் மாறாது சார்" என்கிறார்கள். திருத்தி வந்ததில் 61. டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரையான டிக்ளோஃபெனாக்கை மட்டும் நிறுத்தச் சொன்னார். முட்டிவலிக்கு அப்பா அதை ரகசியமாகப் போட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பொண்ணே வருவதாக இருந்தால் அடுத்த தடவையும் இங்கேதான். வயசை நானே எழுதிக் கொடுத்துவிடுவேன்.