பேட்டரியில் பற்றும் 6 லிட்டர் கேஸ் கீசர்: அடம்பிடிக்கும்போதுதான் குணம் தெரியும்

இரண்டு பெரிய பேட்டரி, டயாஃப்ரம் எனும் ஒரு ரப்பர் சவ்வு, ஒரு மைக்ரோ சுவிட்ச், மின்சாரத்தால் கேஸைத் திறந்து மூடும் ஒரு சோலினாய்டு வால்வு, பர்னர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊசிகள், இவற்றை ஆட்டுவிக்கும் கன்ட்ரோல் பாக்ஸ். பற்றவைக்கும் வேலைக்கு இந்தப் பெட்டிக்குள் இருப்பது அவ்வளவுதான். கரண்ட் இல்லாமலே வெந்நீர் தரும் என்று சொல்லி விற்கிறார்கள், அது உண்மை. அதைவிட நல்ல குணம் ஒன்று உண்டு. பற்றாமல் போனால், எந்த இடத்தில் தடுக்கிறது என்பதைச் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கேட்காமல் எடுத்த எடுப்பிலேயே கன்ட்ரோல் பாக்ஸை மாற்றுகிறார்கள். பாவம், பெரும்பாலும் அது நிரபராதி.

வெந்நீர்க் குழாயைத் திறந்தால், தண்ணீரின் அழுத்தம் டயாஃப்ரத்தைத் தள்ளும். அதோடு சேர்ந்த கம்பி மைக்ரோ சுவிட்சை இயக்கும். உடனே ஊசியில் டிக் டிக் என்று பொறி தெறிக்கும், சோலினாய்டு கேஸைத் திறந்துவிடும், தீ பிடிக்கும். இன்னொரு ஊசி தீயை உணர்ந்ததும் பொறி நிற்கும். சில நொடிகளில் தீயை உணராவிட்டால் கேஸ் தானாக மூடிக்கொள்ளும்.

குழாயைத் திறந்தும் டிக் சத்தமே இல்லையென்றால் கேஸைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் பேட்டரி. சுமையில்லாமல் அளந்தால் பழைய பேட்டரிகூட 1.4 வோல்ட் காட்டி ஏமாற்றும். பொறி தெறிக்கும்போது அளக்க வேண்டும், பொறியே இல்லையென்றால் புதிய ஜோடியைப் போட்டுப் பார்ப்பதே சுலபம். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், அல்கலைன் ரகமாக. பேட்டரிப் பெட்டியைக் கீசரின் அடியில், ஈரம் படும் இடத்தில் வைத்திருப்பது இந்த வடிவமைப்பின் பெரிய அசட்டுத்தனம். ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருந்தால் உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்துவருவதைக் காட்ட ஒரு சின்ன விளக்குகூட இல்லாத மாடல்கள் இன்னும் வருகின்றன. அதற்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும்.

பேட்டரி சரி என்றால் அடுத்தது தண்ணீர். பல மாடல்களுக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டராவது ஓடினால்தான் டயாஃப்ரம் அசையும். ஷவரைக் கழற்றிவிட்டு 1 லிட்டர் பாத்திரத்தைப் பிடித்துப் பாருங்கள். நிரம்ப 24 நொடிக்கு மேலானால் ஓட்டம் போதாது. மேல்தொட்டியின் தண்ணீர்மட்டம் கீசரைவிட 2 மீட்டர்தான் உயரம் என்றால் கிடைப்பது 0.2 பார் அழுத்தம். எல்லைக்கோட்டில் நிற்கும் அளவு அது. தொட்டி பாதியானதும் கீசர் அடம்பிடிப்பது அதனால்தான். தண்ணீர் நுழையும் நட்டைக் கழற்றினால் உள்ளே விரல்நுனி அளவு சல்லடை ஒன்று இருக்கும். மணலும் துருவும் அதில்தான் குடியிருக்கும். புதிதாக மாட்டிய கீசர் ஒருமுறைகூடப் பற்றவில்லையென்றால், உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தலைகீழாக ஓடினால் டயாஃப்ரம் நகராது.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. கேஸை மூடிவிட்டு, முன்மூடியைக் கழற்றி, மைக்ரோ சுவிட்சின் நெம்பைக் கையால் அசையுங்கள். டிக் டிக் கேட்டால் பொறி தரும் மின்பக்கம் சரி. கிழிந்த அல்லது விறைத்துப்போன டயாஃப்ரமோ, உப்பேறி இறுகிய கம்பியோதான் காரணம். டயாஃப்ரம் சின்ன உதிரிபாகம். மாற்றும்போது அதே விட்டம், அதே வடிவம் பார்த்து வாங்க வேண்டும்.

பொறி வருகிறது, தீ வரவில்லை என்றால் கதை வேறு. சிலிண்டர் மாற்றிய கையோடு என்றால் குழாயில் காற்று இருக்கும். தண்ணீரை நிறுத்தி நிறுத்தி நாலைந்து முறை திறந்தால் போய்விடும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை நிமிடம் விடுங்கள். தளர்ந்த பேட்டரியும் இங்கே விளையாடும்: பொறிக்கு எட்டும் சக்தி சோலினாய்டை இழுக்க எட்டாது. பொறி விழும் இடைவெளி சுமார் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஊசி வளைந்து பக்கத்துத் தகட்டில் பொறி பாய்ந்தால் பர்னருக்குப் பயனில்லை. கேஸ் வெளிவரும் சின்னத் துளையான ஜெட்டில் சிலந்தி வலை கட்டியிருப்பதும் உண்டு, முக்கியமாகப் பல மாதம் ஓடாத கீசரில்.

பற்றிச் சில நொடியில் அணைந்தால் தீயை உணரும் ஊசியைப் பாருங்கள். கரி படிந்திருக்கும், அல்லது ஒயர் தளர்ந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, ஜ்வாலை அதைத் தழுவும்படி நிறுத்தினால் போதும். சரியாக 20 நிமிடத்தில் அணைந்தால் அது கோளாறே அல்ல. பல மாடல்களில் வைத்திருக்கும் பாதுகாப்பு டைமர்.

கேஸ் வால்வு, சோலினாய்டு, ரெகுலேட்டர் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள், அது பயிற்சி பெற்றவர் வேலை. கேஸ் வாடை வந்தால் சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியேறுங்கள். தாமதமாக 'டொப்' என்று பற்றினாலோ, ஜ்வாலை மஞ்சளாக எரிந்தாலோ, சுத்தம் செய்யும்வரை ஓட்டக் கூடாது. மஞ்சள் ஜ்வாலை கார்பன் மோனாக்சைடின் அடையாளம். அந்த விஷவாயுவுக்கு வாடை கிடையாது. ஜ்வாலை நீலமாக எரிந்தாலும் மூடிய குளியலறைக்குள் இதை மாட்டவே கூடாது. புகைக்குழாய் வெளியே போகும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், அந்த பேட்டரிப் பெட்டிக்கு இறுக்கமான மூடி இருக்கிறதா என்பதையும் கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.