சாரதி அனுமதிப்பத்திரம்: உயர்தரம் முடித்த கையோடு கொழும்பிலா, படிக்கப் போகும் நாட்டிலா?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளில் பிள்ளை க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும் ஐ.ஈ.எல்.டி.எஸ். வகுப்பு, விசா, தங்குமிடம் என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றுக்கிடையே, லைசன்ஸை இங்கேயே எடுத்துவிட்டுப் போகட்டுமா, அங்கே போய் எடுக்கட்டுமா என்ற கேள்வியும் ஒருநாள் எழும். எங்கள் மூத்த மகள் சிட்னிக்குப் படிக்கப் போவதற்கு முன் கொழும்பிலேயே எடுத்தாள். இப்போது மகனுக்கும் அதையே செய்விக்கிறோம். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வுக்கான காரணத்தையும், அது எங்கே பொருந்தாது என்பதையும் சொல்ல முயல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த விடயங்களை முதலில் கடந்துவிடலாம். இங்கே பயிற்சிச் செலவு குறைவு. வீட்டில் வாகனம் இருந்தால் அப்பாவோ மாமாவோ பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர முடியும். இலண்டனுக்கோ சிட்னிக்கோ போகும் பிள்ளைக்கு, வீதியின் இடப்பக்கம் ஓட்டிய பழக்கம் அப்படியே கைகொடுக்கும். ரொறன்ரோ போகும் பிள்ளைக்கு அது கைகொடுக்காது. அங்கே போய்ப் பழகுபவருக்கோ, எந்த வீதியில் ஓட்டப்போகிறாரோ அந்த வீதியிலேயே முதற்பாடம் கிடைக்கும்.

கொழும்பில் எடுப்பதற்குரிய படிகள் கடினமானவை அல்ல, ஆனால் அவற்றுக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. இலகுரக வாகனத்துக்கான அனுமதிப்பத்திரம் 18 வயது நிறைந்தவருக்கே கிடைக்கும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்தில் எழுத்துப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். தமிழிலும் எழுதக்கூடிய அந்தப் பரீட்சையில் 40 வினாக்களுக்கு 30 சரியாக இருந்தால் சித்தி. அதன்பின் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். செய்முறைப் பரீட்சைக்குப் போவதற்கு 3 மாதங்கள் கழிய வேண்டும். இந்த 3 மாதத்தைக் கணக்கில் எடுக்காத குடும்பங்கள்தாம் விமானச்சீட்டும் கையுமாக நிற்கின்றன. ஜூலை மாதத்தில் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்குப் போகவுள்ள பிள்ளை, பெறுபேறு வரட்டும் என்று காத்திருந்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினால், செய்முறைப் பரீட்சைத் திகதியும் பயணத் திகதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பரீட்சை முடிந்த வாரத்திலேயே மருத்துவச் சான்றிதழுக்குப் போய்விடுவது நல்லது.

இனி, எங்கள் தீர்மானத்தை நிர்ணயித்த விடயத்துக்கு வருகிறேன். அது செலவும் அன்று, பயிற்சியின் தரமும் அன்று. அனுமதிப்பத்திரத்தில் அச்சாகும் வழங்கல் திகதி. பிள்ளை இங்கே எவ்வளவு தூரம் ஓட்டினாள் என்பதை வெளிநாட்டில் எவரும் அளந்து பார்ப்பதில்லை. எப்போதிலிருந்து அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறாள் என்பதையே கேட்கிறார்கள். பழகிய கைக்கு இல்லாத மதிப்பு ஒரு திகதிக்கு இருப்பது நியாயம்தானா என்று வாதிடலாம். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பிறந்து வளரும் பிள்ளை 16 வயதில் பயிலுநராகிறது. 25 வயதுக்குக் குறைந்த பயிலுநர் 20 மணி நேர இரவு ஓட்டமும் உள்ளடங்கலாக 120 மணி நேரத்தைப் பதிவேட்டில் நிரப்ப வேண்டும். குறைந்தது 10 மாதமாவது பயிலுநராக இருக்க வேண்டும். பிறகு புதிய சாரதிக்கான பி1 அனுமதிப்பத்திரத்தில் வாகனத்தில் சிவப்புப் பலகை மாட்டி ஓராண்டு, பி2 இல் பச்சைப் பலகையோடு இரண்டாண்டு கழிந்த பின்னரே முழுமையான அனுமதிப்பத்திரம். நம் ஊரிலிருந்து போகும் மாணவருக்கு இந்த ஏணியின் முதற்படியிலிருந்து ஏற வேண்டிய கட்டாயமில்லை. அறிவுப் பரீட்சையிலும் ஓட்டுநர் பரீட்சையிலும் சித்தியடைந்தால், முந்தைய அனுமதிப்பத்திரத்தை ஓராண்டுக்குக் குறைவாக வைத்திருந்தவருக்கு பி1, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைத்திருந்தவருக்கு பி2, அதற்கு மேல் என்றால் கட்டுப்பாடற்ற அனுமதிப்பத்திரம் என்பதே நடைமுறை. 120 மணி நேரப் பதிவேடு அவர்களுக்கு இல்லை.

பி1 இற்கும் பி2 இற்கும் உள்ள வேறுபாடு பலகையின் நிறத்தோடு நிற்பதில்லை. பி1 வைத்திருக்கும் 25 வயதுக்குக் குறைந்தவர் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை 21 வயதுக்குக் குறைந்த ஒருவரை மட்டுமே ஏற்றலாம். பகுதிநேர வேலை முடிந்து நண்பர்களோடு திரும்பும் மாணவருக்கு இது அன்றாடச் சிக்கல். பி1 இன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர், பி2 இனது 100. இவற்றைவிட முக்கியமானது தண்டப்புள்ளிக் கணக்கு. பி1 இற்கு எல்லை 4 புள்ளிகள், பி2 இற்கு 7. பி1 சாரதியின் எந்த வேக மீறலுக்கும் குறைந்தது 4 புள்ளிகள் விழும் என்பதால், ஒரே ஒரு கமராப் படம் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தப் போதும். எங்கள் மகள் இங்கே எடுத்து ஓராண்டு கழிந்தபின் அங்கே பரீட்சைக்குப் போனதால் நேரே பச்சைப் பலகைக்கு உரியவளானாள். பயிலுநர் காலமும் பி1 ஆண்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அவ்வளவும் வேரஹெரவில் வாங்கிய ஒரு திகதியால் மிச்சமாயின.

ஆனாலும் அங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவர் 6 மாதத்துக்கு மேல் அந்த மாநிலத்தில் வசித்தால் உள்ளூர் அனுமதிப்பத்திரத்துக்கு மாறியாக வேண்டும். அதற்கான ஓட்டுநர் பரீட்சையில் தவறினால், வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தில் ஓட்டும் உரிமை அன்றோடு முடிந்து, பயிலுநராகவே தொடர நேரிடும். எனவே பரீட்சைக்கு முன் அங்குள்ள பயிற்றுநர் ஒருவரிடம் சில வகுப்புகளாவது எடுத்துக்கொள்ளாமல் போகக்கூடாது. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கொழும்பு வழியின் உண்மைச் செலவைக் கணக்கிட வேண்டும்.

கனடாவைப் பற்றி நான் சொல்வது, ரொறன்ரோவில் உள்ள தங்கையின் மகனுக்காகப் பத்திரங்களை அலசியதிலிருந்து கிடைத்த அறிவு. என் பிள்ளைகளின் அனுபவம் அங்கே இல்லை. ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் 16 வயதில் பயிலுநருக்கான ஜி1, பிறகு ஜி2, கடைசியில் முழுமையான அனுமதிப்பத்திரமான ஜி என்று மூன்று படிகள். ஜி1 இல் 12 மாதம் காத்திருக்க வேண்டும். அரசு ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்தால் அது 8 மாதமாகக் குறையும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு அங்கும் திகதியே பேசுகிறது. இரண்டாண்டுக்குக் குறைந்த அனுபவமென்றால் காத்திருப்புக் காலத்தில் அதிகபட்சம் 12 மாதம் கழிக்கப்படும். அதற்கு மேற்பட்ட அனுபவத்தை உறுதிப்படுத்தல் கடிதத்தோடு நிறுவினால் நேரே ஜி பரீட்சைக்குப் போகலாம். கடந்த மூன்றாண்டுக்குள் பெற்ற அனுபவமே கணக்கில் சேரும். எனினும், காப்புறுதிக் கட்டணம் குறையும் என்று எண்ணி இங்கே எடுப்பவர்கள் ஏமாறக்கூடும். பல காப்புறுதி நிறுவனங்கள் வெளிநாட்டு அனுபவத்தைப் பொருட்படுத்துவதில்லை.

இலண்டனைப் பொறுத்தவரை என் வாதம் வலுவிழக்கிறது. பிரித்தானியாவில் வசிக்கத் தொடங்கியவர் இலங்கை அனுமதிப்பத்திரத்தோடு 12 மாதம் ஓட்டலாம். அதன்பின் பயிலுநருக்கான தற்காலிக அனுமதிப்பத்திரம், 50 வினாக்களில் 43 சரியாக வேண்டிய எழுத்துப் பரீட்சை, வீதிப் பரீட்சை என்று 17 வயது உள்ளூர்ப் பிள்ளை நடக்கும் அதே பாதைதான். இங்கே சேர்த்த ஆண்டுகளுக்கு அங்கே கழிவு கிடையாது. படிப்புக்காக மூன்றாண்டு இலண்டனில் இருந்துவிட்டு வரப்போகும் பிள்ளை, பாதாள ரயிலும் பேருந்தும் இருக்கும் நகரத்தில் வாகனமே தொடாமலும் இருக்கலாம்.

போகும் நாட்டில் பழகுவதற்குச் சார்பான வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறுக்க முடியாது. நம் ஊர்ப் பயிற்சிப் பாடசாலைகள் பரீட்சையில் சித்தியடைவதற்கே பழக்குகின்றன. ரிவர்ஸ் எடுப்பதும் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதும் வந்துவிட்டால் ‘கை பழகிவிட்டது’ என்று சான்று தந்துவிடுவார்கள். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துத் தடம் மாறுவது, பாதசாரிக்காகக் கடவையில் உண்மையிலேயே நிற்பது, ஹோர்னைத் தொடாமல் ஒரு மணி நேரம் ஓட்டுவது ஆகியவை கொழும்பு காலி வீதியின் மாலை நெரிசலில் கற்கக்கூடிய பாடங்கள் அல்ல. மழையிலும் இருளிலும் நெடுஞ்சாலையிலும் 120 மணி நேரம் ஓட்டிப் பதிவுசெய்த பதினேழு வயதுப் பிள்ளை, இங்கே சித்தியடைந்த பதினெட்டு வயதுப் பிள்ளையைவிட நல்ல சாரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். கொழும்பு வழி மிச்சப்படுத்துவது காலத்தையும் கட்டுப்பாட்டையும், பயிற்சியை அன்று.

இங்கே எடுப்பதென்று தீர்மானித்தால் தானியங்கிக் கியர் கொண்ட ஓட்டோவா, கையால் கியர் மாற்றும் மனுவலா என்பதையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டோ வாகனத்தில் சித்தியடைந்தவருக்குக் கியர் வாகனம் ஓட்டும் உரிமை இல்லை. ஒன்ராறியோவில் இந்த வேறுபாடு கிடையாது. பிரித்தானியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் உண்டு. எங்கள் மகன் கிளச்சோடு மல்லுக்கட்டி முகம் சுளித்தாலும் மனுவலிலேயே பழகுகிறான்.

பயணத்துக்கு நான்கு மாதம்கூட இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம், அங்கேயே எடுக்கட்டும். காலம் இருந்தால், அனுமதிப்பத்திரம் அச்சிடும் அட்டைக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் வழங்கியதுபோன்ற தற்காலிகப் பத்திரத்தோடு விமானம் ஏறாமல் நிரந்தர அட்டையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கொழும்பு 3 இல் உள்ள மோட்டார் வாகனச் சங்கத்தில் பெறலாம். அது மொழிபெயர்ப்புக்கு உதவுமேயன்றி அனுபவத்துக்குச் சான்றாகாது. அனுபவத்தை உறுதிப்படுத்தும் கடிதத்துக்கு வழங்கல் திகதியும் வாகன வகையும் தெளிவாக இருக்க வேண்டும். கனடாவில் இருந்துகொண்டு அதைக் கேட்பதானால், பிள்ளையின் சார்பில் இங்கே யாராவது திணைக்களத்துக்கு அலைய வேண்டிவரும். போதிய காலம் ஓட்டியபின் போகும் பிள்ளையென்றால் புறப்படுவதற்கு முன்னரே அதையும் வாங்கிவிடலாம்.